இறகில்லாத அம்பு சொன்ன பொய்

ஒருவழியாக, நுனிகள் முன்பக்கம் வளைந்த என் ரிகர்வ் வில்லிலிருந்து போகும் இறகில்லாத அம்பு நேராகப் போய்க் குத்தி நிற்கிறது. வால் மேலே தூக்கவில்லை, கீழே தொங்கவுமில்லை. இறகு ஒட்டிய அம்புகளுக்குப் பக்கத்தில், அதே உயரத்தில், அவற்றுக்கு இணையாக நிற்கிறது. இறகு இருந்தால் பறக்கும்போதே அம்பின் கோணலைத் திருத்திவிடும்; இறகில்லாத அம்புதான் வில்லின் ஒழுங்கில் உள்ள தவறைக் காட்டிக்கொடுக்கும். இதற்காக எத்தனையோ சாயங்காலங்கள் போயின. இதே தொல்லையில் மாட்டியிருப்பவர்களுக்காக விவரமாக எழுதுகிறேன்.

வில், 62 அங்குல சாமிக் சேஜ். 28 அங்குல இழுப்பில் 35 பவுண்டு. என் இழுப்பு 27 அங்குலம் என்பதால் விரலுக்கு வருவது இரண்டு பவுண்டுபோலக் குறையும். டாக்ரான் நாண், பிரேஸ் ஹைட் (நாணுக்கும் கைப்பிடிக்கும் நடுவே உள்ள தூரம்) 7¾ அங்குலம். அம்புகள் 600 ஸ்பைன் (அம்புத் தண்டின் விறைப்பைக் காட்டும் அளவு) கார்பன், 29 அங்குல நீளம், 125 கிரெய்ன் (சுமார் 8 கிராம்) முனை. குறி பார்க்கும் சைட் கிடையாது, வில்லை ஆடாமல் வைக்கும் ஸ்டெபிலைசர் கிடையாது, அம்பைத் தாங்கும் தனி ரெஸ்ட்டும் கிடையாது. வில்லின் ஷெல்ஃப் (கைப்பிடிக்கு மேலே வெட்டிய தட்டு) மேலேயே அம்பை வைத்து, மூன்று விரலும் அம்புக்குக் கீழே இருக்குமாறு பிடித்து எய்கிறேன். இந்தப் பிடியில் அம்பு கண்ணுக்கு அருகில் வரும். முனையை வைத்துக் குறி பார்ப்பவர்களுக்கு அதைவிடச் சுகமானது வேறில்லை.

தொல்லை இதுதான். பன்னிரண்டு மீட்டரிலிருந்து எய்தால் இறகில்லாத அம்பு வாலைத் தூக்கிக்கொண்டு, மற்ற அம்புகளுக்கு ஒரு சாண் கீழே போய்க் குத்தும். வால் தூக்கினால் நாக்கிங் பாயிண்ட் (அம்பின் வாலை நாணில் எங்கே பொருத்துவது என்று காட்டும் அடையாளக் கட்டு) உயரத்தில் இருக்கிறது, கீழே இறக்கு என்பது எல்லோரும் சொல்லும் பாடம். நானும் நான்கு நூலிலிருந்து மூன்று நூலுக்கு இறக்கினேன் (ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு). மாற்றமில்லை. இரண்டு நூலுக்கு இறக்கினேன். வால் முன்னைவிட அதிகமாகத் தூக்கியது. கூடவே, விடும்போது ‘தட்’ என்று ஒரு சத்தம். நாணை முறுக்கியும் தளர்த்தியும் பிரேஸ் ஹைட்டை 7½ முதல் 8¼ வரை கொண்டுபோய்ப் பார்த்தேன். வில்லின் இரைச்சல் கூடிக் குறைந்ததே தவிர, வால் இறங்கவில்லை.

விடை கிடைத்தது முகப்பவுடரில். அம்பின் பின்பாதி முழுக்கப் பவுடரைத் தடவி ஒரே ஒரு அம்பு விட்டேன். எடுத்துப் பார்த்தால், ‘நாக்’ எனப்படும், நாணைக் கவ்வும் வால்பிளவுக்கு முன்னால் நான்கு விரற்கடை தூரத்துக்கு அடிப்பக்கம் மட்டும் பவுடர் வழித்து எடுத்ததுபோல் போயிருந்தது. மேல்பக்கம் அப்படியே வெள்ளையாக இருந்தது. ஷெல்ஃப் மேல் ஒட்டிய கறுப்புத் துணியில் ஒரு வெள்ளைக் கோடு. அதாவது, வால் தாழ்ந்து வந்து ஷெல்ஃபில் மோதி, மேலே எகிறிப் பறக்கிறது! நாக்கிங் பாயிண்ட் அதிக உயரத்தில் இருந்தாலும் வால் தூக்கும். அதிகம் தாழ்ந்திருந்தாலும், மோதி எகிறுவதால், வால் தூக்கும். எதிரெதிரான இரண்டு காரணங்கள், ஆனால் இலக்கில் தெரிவது ஒரே அடையாளம். ‘இறக்கு’ என்று பாதிப் பாடம் சொல்பவர்கள் மீது எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

ஆகவே செய்யவேண்டியது தலைகீழ். முதலில் வேண்டுமென்றே ஏழு நூல் உயரத்துக்கு ஏற்றினேன். இப்போதும் வால் தூக்கியது, ஆனால் பவுடர் கலையவில்லை, சத்தமும் இல்லை. இது உண்மையான தூக்கல். அங்கிருந்து அரை நூல் அரை நூலாக இறக்கிக்கொண்டு வந்தேன். ஐந்து நூலில் அம்பு கிடைமட்டமாக நின்றது. சந்தேகம் தீர, மேலும் இறக்கிப் பார்த்தேன். நான்கைத் தொட்டதும் பழைய ‘தட்’ திரும்பி வந்தது. மறுபடி ஐந்துக்கு ஏற்றிப் பசை வைத்தேன்.

நாக்கிங் பாயிண்ட்டை அரை நூல் நகர்த்த, வழக்கமான பித்தளை வளையம் ஒத்துவராது. பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் மெழுகு நூலை எடுத்து, நாணின் முன்னும் பின்னும் மாறி மாறி அரைமுடிச்சாகப் பத்து முடிச்சு போடுங்கள். கட்டு இறுக்கமாக இருக்கும். ஆனால் விரலால் திருகினால், நாணின்மேல் சுற்றியிருக்கும் சர்விங் நூலின் புரியைப் பிடித்துக்கொண்டு, மரைபோல மெல்ல ஏறும், இறங்கும். இடம் உறுதியான பிறகுதான் ஒரு சொட்டு உடனடிப் பசை. மூன்று விரல் கீழ்ப் பிடிக்காரர்கள் அம்பின் நாக் இருக்கும் இடத்துக்குக் கீழேயும் இன்னொரு கட்டு போடவேண்டும். இல்லையென்றால் இழுக்கும்போது அம்பு நாணில் கீழே வழுக்கும். மேல்கட்டை எவ்வளவு துல்லியமாக வைத்தும் பயனில்லை. இரண்டு கட்டுக்கும் நடுவே நாக் மயிரிழை அளவு அசைய இடம் விடுங்கள்.

ஷெல்ஃபிலும் ஒரு வேலை பார்த்தேன். துணிக்கு அடியில், கைப்பிடியின் ஆழமான இடத்துக்கு நேர் மேலே, மெல்லிய தோல் துண்டு ஒன்றைக் குறுக்காக ஒட்டினேன். அம்பு இப்போது அந்த மேட்டில் மட்டும் தொட்டுப் போகிறது. இலக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை: நைந்துபோன நடுப்பகுதியில் குத்தும் அம்பு தன் இஷ்டத்துக்குச் சாயும். வால் சாய்வைப் பார்க்க, அடிபடாத ஓரத்தில்தான் எய்யவேண்டும்.

இறகு விஷயத்தில்தான் வயிறு எரிகிறது. விளையாட்டுப் பொருள் கடைகளில் ஒலிம்பிக் வில்லுக்கான பிளாஸ்டிக் இறகுதான் கிடைக்கிறது. ஷெல்ஃப் மேல் எய்பவனுக்கு அது ஆகாது. மடங்கிக் கொடுக்காமல் அம்பைத் தள்ளிவிடும். வெளியூரிலிருந்து வரவழைத்த வான்கோழி இறகுப் பொட்டலத்தில் இடது இறக்கையும் வலது இறக்கையும் கலந்து கிடந்தன. ஓர் அம்புக்கு மூன்றும் ஒரே பக்கத்து இறகாக இருந்தாக வேண்டும் என்பது விற்பவருக்குத் தெரியாதா? இனி வான்கோழிப் பண்ணையில் நேரடியாகக் கேட்டு வாங்கி, நானே அச்சு வைத்து வெட்டப் போகிறேன்.

அப்படியே மூங்கில் அம்பும் செய்துபார்க்க ஆசை. அதற்கு ஸ்பைன் அளக்கும் சட்டம் தயாராகிக்கொண்டிருக்கிறது: 26 அங்குல இடைவெளியில் இரண்டு தாங்கிகள், நடுவில் 907 கிராம் எடை, அதாவது 2 பவுண்டு. அம்பு எத்தனை அங்குலம் வளைகிறதோ, 26-ஐ அதனால் வகுத்தால் ஸ்பைன் பவுண்டில் வந்துவிடும். 0.65 அங்குலம் வளைந்தால் 40 பவுண்டு. கல் மூங்கிலைப் பிளந்து சீவலாமா, மெல்லிய மூங்கிலை முழுதாகவே எடுத்துக்கொள்ளலாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கையில் இருக்கும் வேலையே பாக்கி இருக்கிறது. உயரம் சரியானாலும், இறகில்லாத அம்பு மற்றவற்றுக்கு நான்கு விரற்கடை வலப்பக்கம் குத்துகிறது. நான் வலக்கைக்காரன், ஆக, அம்பு கொஞ்சம் இளகல், அதாவது விறைப்பு போதவில்லை. அம்பின் நீளத்தைக் குறைத்தாலும், முனையின் எடையைக் குறைத்தாலும் விறைப்பு கூடும். கார்பனை வெட்டிக் குறைக்க மனம் வரவில்லை. வெட்டினால் திரும்ப ஒட்டமுடியாது. 100 கிரெய்ன் முனைகள் சொல்லியிருக்கிறேன். வந்ததும் முனையை மாற்றி, முதலில் பவுடர், பிறகு இலக்கு.