கறுப்புக்குப் பக்கத்தில் கறுப்பு

மார்ச் 2, சனி

இரவு 11 மணிக்குப் புதுக் கம்ப்யூட்டரின் பவர் பட்டனை அழுத்தினேன். ஃபேன்கள் எல்லாம் சுற்றின, ரேமில் கலர் விளக்குகூட எரிந்தது. மானிட்டர் மட்டும் இருட்டு. ரேமைக் கழற்றி மாட்டினேன். கிராஃபிக்ஸ் கார்டைக் கழற்றி மாட்டினேன். மதர்போர்டுக்குக் கரண்ட் கொண்டுவரும் 24 பின் கனெக்டரைக் கட்டைவிரல் சிவக்கும்வரை அழுத்திப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. தூங்கப் போகிறேன்.

மார்ச் 3, ஞாயிறு

காலை வெளிச்சத்தில் பார்த்தால், மதர்போர்டின் மேல் இடது மூலையில், சிபியுவின் சூட்டை இறக்கும் ஹீட்சிங்க்கின் நிழலில், 8 பின் சாக்கெட் ஒன்று காலியாக இருக்கிறது. சிபியுவுக்கான பவர். அதைச் செருகவே இல்லை!

ஃபேன் சுற்றியதுதான் என்னை ஏமாற்றியது. ஃபேனுக்கு வேண்டிய 12 வோல்ட் அந்த 24 பின் கனெக்டர் வழியாகவே வந்துவிடும். சிபியுவுக்கு அப்படியில்லை. அது ஒன்றே கால் வோல்ட் அளவில்தான் ஓடும், ஆனால் வாட் கணக்கில் பெருந்தீனிக்காரன். அதனால் அதன் பக்கத்திலேயே இருந்து வோல்ட்டைக் குறைத்துக் கொடுக்கும் ரெகுலேட்டர்களுக்கு 12 வோல்ட்டைத் தனி கேபிளில் கொண்டுபோகிறார்கள். அந்தக் கேபிள் இல்லையென்றால் போர்டு விழித்திருக்கும், சிபியு தூங்கும்.

சரி, செருகிவிடலாம் என்று எடுத்தால் கேபிள் நாலு விரற்கடை எட்டவில்லை. பழைய கம்ப்யூட்டரின் எஸ்எம்பிஎஸ் (கரண்ட் கொடுக்கும் பெட்டி) கேபிள்கள் ஒரு பையில் கிடந்தன. அதில் ஒரு 8 பின் கேபிள் நல்ல நீளம். ஒரு முனையைப் புது எஸ்எம்பிஎஸ்ஸில் செருகினேன். க்ளிக் என்று கச்சிதமாக உட்கார்ந்தது. மறுமுனையை போர்டில் மாட்டுவதற்கு முன்னால், எதற்கோ அண்ணனுக்கு போன் போட்டேன். எதற்கு என்று இப்போது நினைவில்லை. பேச்சோடு பேச்சாகக் கேபிள் கதையையும் சொன்னேன். நல்ல நேரம், அவ்வளவுதான்.

“டேய், கையை எடு. எஸ்எம்பிஎஸ் பக்கம் இருக்கிற பின் வரிசைக்குப் பொது விதியே கிடையாது. போர்டு பக்கம் மட்டும்தான் எல்லாரும் ஒரே மாதிரி வைப்பார்கள். மீட்டர் வைத்துப் பார்த்தாயா?”

பார்க்கவில்லை. அப்புறம் அவர் காலத்துக் கதை ஆரம்பித்தது. ஏடி என்ற பழைய வகைக் கம்ப்யூட்டர்களில் மதர்போர்டுக்கு பி8, பி9 என்று இரண்டு கனெக்டர்கள் பக்கத்துப் பக்கத்தில் வருமாம். இடம் மாறினால் போர்டு காலி. அதனால் கறுப்பு ஒயருக்குப் பக்கத்தில் கறுப்பு ஒயர் வர வேண்டும் என்பதுதான் அவர்களுடைய பால பாடம். 1995-இல் இன்டெல் கொண்டுவந்த ஏடிஎக்ஸ் என்ற புது அமைப்பு, இரண்டையும் சேர்த்து ஒரே 20 பின் கனெக்டர் ஆக்கியது. அதுவே பிறகு 24 ஆனது. இப்போது என் கையில் இருக்கும் கேபிளில் எல்லா ஒயருமே கறுப்பு. அழகுக்காகவாம்.

மார்ச் 5, செவ்வாய்

மல்டிமீட்டர் இரவல் கிடைத்தது.

24 பின் கனெக்டரை போர்டிலிருந்து கழற்றி, அதன் 16, 17-ஆவது பின்களை வளைத்த ஜெம் கிளிப்பால் இணைத்தேன். 16 என்பது ‘ஆன் ஆகு’ என்று சொல்லும் பின், கலர் ஒயர் காலத்தில் பச்சை. 17 கிரவுண்டு. எஸ்எம்பிஎஸ் தனியாகவே ஓடத் தொடங்கியது.

முதலில் அதனுடனேயே வந்த கேபிள். சிபியு கனெக்டரில் க்ளிப் இருக்கும் பக்கத்து நாலு பின்னிலும் 12 வோல்ட் வர வேண்டும், எதிர்ப்பக்கம் நாலும் கிரவுண்டு. சிவப்பு முனையை க்ளிப் பக்கமும் கறுப்பு முனையை எதிர்ப்பக்கமும் வைத்தேன். 12.1 காட்டியது. 11.4-க்கும் 12.6-க்கும் நடுவில் இருந்தால் போதும்.

அடுத்து எஸ்எம்பிஎஸ்ஸை அணைத்துவிட்டுப் பழைய கேபிளை மாட்டினேன். முனைகளை அதே மாதிரி வைத்தேன். மீட்டரில் எண்ணுக்கு முன்னால் ஒரு சின்னக் கோடு. மைனஸ் 12.1.

கொஞ்ச நேரம் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். போர்டின் கிரவுண்டில் நேராக 12 வோல்ட்டைக் கொண்டுபோய்க் கொடுத்திருப்பேன். எஸ்எம்பிஎஸ் ஷார்ட் என்று கண்டுபிடித்து உடனே அணைந்திருக்கலாம். போர்டு பிழைத்திருக்குமா என்று பந்தயம் கட்ட எனக்குத் தைரியமில்லை. ஓட்டையின் வடிவம் வேறாக இருந்தால் கனெக்டரே நுழையாமல் தடுத்திருக்கும். இங்கே அதுவும் உதவவில்லை, க்ளிக் சத்தத்தோடு வரவேற்றது.

மார்ச் 9, சனி

கேபிள் எட்டாததற்குக் காரணம் கேபிள் இல்லை, நான்தான். பின்பக்கம் அழகாக இருக்கட்டும் என்று வளைத்து வளைத்து டை போட்டுக் கட்டியிருந்தேன். மூன்று டையை வெட்டி, போர்டுக்குப் பின்னாலேயே நேராக மேலே ஏற்றி, மூலையில் இருக்கும் ஓட்டை வழியாக இழுத்தேன். எட்டியது, மிச்சமும் இருந்தது. விரல்தான் நுழையவில்லை. ஹீட்சிங்க் ஃபேனைக் கழற்றிவிட்டு, நாலும் நாலுமாகப் பிரிந்திருக்கும் கனெக்டரின் இரண்டு பாதியையும் சேர்த்துப் பிடித்து அழுத்தினேன். இந்த கேபிளையெல்லாம் போர்டை கேபினட்டில் இறக்கும்போதே செருகியிருக்க வேண்டும்.

ஃபேனைத் திரும்ப மாட்டிவிட்டு பட்டனை அழுத்தினேன். கம்ப்யூட்டர் விழித்ததும் முதலில் வரும் பயாஸ் திரை வந்தது. பழைய கேபிள்களை அவற்றின் எஸ்எம்பிஎஸ்ஸோடு சேர்த்துக் கட்டி, மேலே ஒரு சீட்டும் ஒட்டியாயிற்று.

கேபினட் முன்பக்கத்து பவர் விளக்கு மட்டும் எரியவில்லை. அந்தக் குட்டி ஒயரில் பிளஸ், மைனஸ் மாறியிருக்கும். நாளைக்குப் பார்க்கலாம்.