கண்ணுக்குள் ஒரு நூல்

பத்தாம் வகுப்பு விடைத்தாள் திருத்தும் முகாமில்தான் அதை முதலில் பார்த்தேன். தாளின் மேல் ஒரு கறுப்பு முடி. விரலால் தட்டினேன், போகவில்லை. ஊதினேன். அடுத்த தாளை எடுத்தால் அதிலும் அதே முடி, அதே வளைவு. பக்கத்தில் இருந்தவர், "என்ன டீச்சர், தாளையே தட்டிக்கிட்டிருக்கீங்க?" என்று கேட்டார். அப்போதுதான் உறைத்தது, அது தாளில் இல்லை, என் இடது கண்ணுக்குள் இருக்கிறது. நேராகப் பார்க்கப் போனால் ஓரத்துக்கு நழுவும். பார்வையை நிறுத்தினால் மெல்லக் கீழே இறங்கும்.

அப்போது எனக்கு 52 வயது. ஐந்தாம் வகுப்பிலிருந்தே கண்ணாடி. பவர் மைனஸ் 7. பசியில் கண்ணில் பூச்சி பறக்கிறது என்போமே, அந்த மாதிரிக் களைப்பாக இருக்கும் என்று நினைத்தேன். மாலையில் எங்கள் ஊர் கிளினிக் ஒன்றில் காட்டினேன். டார்ச் அடித்துப் பார்த்தார்கள். "வயசாகுதுல்ல, கண்ணு வறண்டிருக்கும்" என்று சொட்டு மருந்தும் சத்து மாத்திரையும் எழுதித் தந்தார்கள். கண்மணியை விரிய வைக்கும் மருந்து விட்டுப் பார்க்கவில்லை. அப்படிப் பார்த்தால்தான் உள்ளே ஓரம் வரை தெரியும் என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது. இன்றைக்கும் அதை நினைத்தால் மனம் ஆறவில்லை.

மூன்றாம் நாள் இரவு விளக்கை அணைத்துவிட்டுத் திரும்பினேன். இடது ஓரத்தில் பளிச்சென்று ஒரு வெட்டு.

"மழை வருதாங்க? மின்னுதே."

"வானம் வெறிச்சுன்னு கிடக்கு, எங்க மின்னுது?" என்றார் வீட்டுக்காரர்.

தலையைத் திருப்பும்போதெல்லாம் மின்னியது. விடிந்து எழுந்தபோது மிளகுத்தூளைத் தூவிவிட்ட மாதிரி கண் முழுக்கப் புள்ளிகள். முதல் பேருந்தைப் பிடித்து இருவரும் மதுரைக்குக் கிளம்பினோம்.

மதுரைக் கண் மருத்துவமனையில் எழுத்துப் பலகையை வாசித்ததும் சொட்டு மருந்து விட்டு உட்கார வைத்தார்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை செவிலியர் வந்து, "கண்ணத் தொறந்து காட்டுங்கம்மா" என்று மறுபடி விட்டுவிட்டுப் போனார். முக்கால் மணி நேரத்தில் கையிலிருந்த டோக்கன் எண்ணே மங்கிவிட்டது. பிறகு படுக்க வைத்து, தலையில் விளக்கு மாட்டிய மருத்துவர், கையில் ஒரு லென்ஸோடு குனிந்தார். மேலே பாருங்கள், இடது மேலே, இடது, இடது கீழே. சிறு கம்பியால் இமைமேல் அழுத்தியும் பார்த்தார். வலி என்று பெரிதாக இல்லை. அந்த வெளிச்சத்தைத் தாங்குவதுதான் பாடு. முடிந்து எழுந்தபோது கொஞ்ச நேரம் எல்லாமே ஊதா நிறமாகத் தெரிந்தது.

"நுங்கு சாப்பிட்டிருக்கீங்கல்ல? கண்ணுக்குள்ள அது மாதிரி ஒரு ஜெல்லி நிறைஞ்சிருக்கும்மா" என்று தொடங்கினார். விட்ரியஸ் என்பது அதன் பெயர். ஏறக்குறைய 4 மில்லி. பெரும்பங்கு தண்ணீர், மீதியில் மெல்லிய நார்கள். வயது ஏற ஏற அது இளகி, நார்கள் திரண்டுகொள்ளும். திரண்டது, கண்ணின் பின்சுவரில் ஒட்டியிருக்கும் விழித்திரையில் போடும் நிழலைத்தான் நூலாகவும் பூச்சியாகவும் பார்க்கிறோம். ஒரு கட்டத்தில் ஜெல்லி சுருங்கி விழித்திரையை விட்டே விலகும். பலருக்கு இது 50 வயதுக்கு மேல் நடக்கும். என்னைப் போல மைனஸ் பவர் கூடியவர்களுக்கு முன்னதாகவே வரலாம். பெரும்பாலும் சேதமில்லாமல் முடிந்துவிடும். எங்காவது இறுக ஒட்டியிருந்தால், விலகும்போது விழித்திரையைப் பிடித்து இழுக்கும். விழித்திரைக்கு வலி தெரியாது, இழுத்தால் வெளிச்சமாகத்தான் உணரும். எனக்கு மின்னியது அதுதான். அது கிழிந்தும் இருந்தது: குதிரை லாடம் போல ஒரு கிழிசல், கூடவே துளி ரத்தம். மிளகுத்தூள் என்று நான் நினைத்தது அந்த ரத்தம்.

கிழிசல் வழியே திரவம் புகுந்தால் விழித்திரை சுவரை விட்டு உரிந்துவிடும். ஓரத்திலிருந்து திரை இறங்குவது போலப் பார்வை மறையும். ஒரு காலத்தில் விழித்திரை உரிந்தால் அந்தக் கண் அநேகமாகப் போனதுதான். உரிவதற்குக் காரணம் கிழிசல், அதைத் தேடி அடைக்க வேண்டும் என்று நிலைநாட்டியவர் சுவிட்சர்லாந்தின் லொசான் நகர மருத்துவர் ஜூல் கோனான். பல வருடம் யாரும் நம்பவில்லை. 1920களில்தான் மற்ற மருத்துவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். இதைப் பிற்பாடு படித்தபோது, நான் வீணாக்கிய நாட்களை எண்ணி உடம்பு நடுங்கியது.

அன்றைக்கே லேசர். மரத்துப்போகச் சொட்டு மருந்து, பிறகு பச்சை வெளிச்சம் வெட்டி வெட்டி வந்தது. சில இடங்களில் ஊசி குத்தியது போல இருந்தது. இருபது நிமிடம் இருக்கும். கிழிசலைச் சுற்றித் தையல் போட்டது போலத் தழும்பு உண்டாகும், அது இறுக இரண்டு வாரம் ஆகும், அதுவரை கனம் தூக்காதீர்கள், தலை குலுங்க ஓடாதீர்கள் என்றார்கள். தண்ணீர்க் குடத்தை வீட்டுக்காரர் ஏற்றுக்கொண்டார்.

மறுநாள் கண்ணைத் திறந்தால் நூல் அங்கேயே இருந்தது. லேசர் அதையும் அழித்துவிடும் என்று நம்பியிருந்தேன். அழுதுவிட்டேன். லேசர் அடைத்தது கிழிசலை மட்டும். நூல் ஜெல்லியில் மிதப்பது, அது வேறு. அதை எடுக்கவே முடியாதா என்று அடுத்த முறை கேட்டேன். "ஜெல்லியையே எடுக்குற ஆபரேஷன் இருக்கும்மா. ஆனா புரை சீக்கிரம் வரும், புதுசா கிழிசல் விழவும் கொஞ்சம் வாய்ப்பு இருக்கு. பொறுத்துப் பாருங்க" என்றார். பொறுத்தேன். அத்தை நந்தியாவட்டைப் பூவோடு வந்தார். அவர் அன்பைத் தட்டவில்லை. பூவை வாங்கிச் சாமிக்கு வைத்தேன், கண்ணில் எதையும் விடவில்லை.

முதல் மூன்று மாதம் கொடுமைதான். காலை வானம், சுண்ணாம்பு அடித்த சுவர், செல்போன் திரை என்று வெளுப்பாக எது இருந்தாலும் அதன்மேல் நூல். நானே வேறு அதைத் தேடினேன், இருக்கிறதா, கூடியிருக்கிறதா என்று. தேடத் தேட அது பெரிதானது. வகுப்பில் மட்டும் நிம்மதி. கரும்பலகையில் எழுதும்போது அது கண்ணில் படவே படாது. ஸ்மார்ட் போர்டைப் போட்டால் வந்துவிடும். செல்போன் திரையைக் கறுப்பாக்கினேன். வெயிலில் கூலிங் கிளாஸ். வாசிக்கும்போது எழுத்தை மறைத்தால் கண்ணை ஒருமுறை மேலும் கீழும் உருட்டுவேன். உள்ளே ஜெல்லி அசைய, நூல் விலகும். ரத்தப் புள்ளிகள் சில வாரங்களில் கரைந்தன. அடுத்த முகாமில் ஒரு கட்டு முழுவதும் திருத்தி முடித்த பிறகுதான் நூலின் நினைவே வந்தது. தேடினால் இருந்தது.

ஒரு கண்ணில் ஜெல்லி விலகினால் மற்றதிலும் ஓரிரு வருடத்தில் விலகலாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அதனால் காலையில் நாட்காட்டித் தாளைக் கிழிக்கும்போது ஒரு கண்ணைப் பொத்தி மறு கண்ணால் தேதியைப் பார்ப்பேன், பிறகு மாற்றிப் பொத்துவேன். போன ஐப்பசியில் ஒருநாள் வலது கண்ணில் ஒரு வளையம் மிதந்தது, ராத்திரி மின்னலும் அடித்தது. விடிந்ததும் மதுரைக்குப் பேருந்து. அதே சொட்டு மருந்து, அதே விளக்கு.

"கிழிசல் எதுவும் இல்லம்மா. மின்னல் கூடினாலோ புள்ளி கூடினாலோ உடனே வாங்க. இல்லன்னா ஆறு வாரம் கழிச்சு."

வெளியே வெயில் கூசியது. கூலிங் கிளாஸை எடுத்துப் போட்டுக்கொண்டு வீட்டுக்காரர் கையைப் பிடித்துப் படியிறங்கினேன்.