கறுப்பு மையும் கலங்கிய காலமும்

செய்திகள் அலையலையாக வந்து எழுத உட்கார்ந்தவரின் கையைக் கட்டிப்போடும் நாட்களில், பம்பாயின் மாட்டுங்கா பகுதியிலுள்ள வீட்டில் என் மேசையின் எதிரே, வங்கப் பஞ்சத்தின்போது 1943இல் ஓவியர் சித்தபிரசாத் வங்கத்தின் மேதினிப்பூர் மாவட்டத்தில் அலைந்து கறுப்பு மையால் வரைந்த ஓவியங்களுள் ஒன்றின் அச்சுப்படியை வைத்துக்கொள்கிறேன். அவ்வோவியங்களைக் கொண்ட நூலின் படிகளை ஆங்கிலேய அரசு பறிமுதல் செய்து எரித்தது. அவரோ பின்னாளில் இதே பம்பாயின் அந்தேரியில் வாழ்ந்தார். படத்தைப் பார்த்ததும் சீற்றத்தை எழுதத் தோன்றும், ஆனால் சீற்றம் இரண்டு பத்திகளுக்கு மேல் தாங்காது என்பது என் எண்ணம். ஆகவே விலா எலும்பு, ஒட்டிய வயிறு, மடங்கிய முழங்கால் என்று கண்ணுக்குத் தெரிவதை மட்டும் முதலில் குறித்துக்கொண்டு (அடைமொழிகளை அப்போது அண்டவிடுவதில்லை), பிறகே இன்றைய நகரத்தை உள்ளே வரவிடுகிறேன். அப்படி அண்மையில் பிறந்த கதையில் வங்கமும் இல்லை, பஞ்சமும் இல்லை. தாராவியிலிருந்து சைக்கிளில் இட்லி கொண்டுபோய் விற்பவர், ஊரடங்கு அறிவிக்கப்பட்ட காலையில், அவித்த இட்லிகளை என்ன செய்வதென்று மனைவியோடு வாதிடுகிறார்.