நாலு சக்கரமும் இழுக்கணும், மைலேஜும் வேணும்

கோத்தகிரியில் இருப்பவன் கார் வாங்குவதும் கோவையில் இருப்பவன் கார் வாங்குவதும் ஒன்றல்ல. எங்கள் வீடு மெயின் ரோட்டிலிருந்து இறங்கும் ஒரு சிமெண்ட் சரிவின் அடியில் இருக்கிறது. அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை ஆரம்பித்தால் அதில் பச்சையாகப் பாசி பிடித்துக்கொள்ளும், பொங்கல் வரைக்கும் போகாது. அதைத் தாண்டினால் அப்பாவின் தேயிலைத் தோட்டத்துக்குப் போகும் மண் பாதை. பழைய கார் முன்சக்கர இழுவை. ஏற்றத்தில் பாரம் பின்னால் சாய்ந்து, இழுக்க வேண்டிய முன்சக்கரங்களில் அழுத்தம் குறைந்துபோகும், அவை நின்ற இடத்திலேயே சுற்றும். ரப்பர் கருகும் வாசனைதான் வரும், வண்டி வராது. பக்கத்து வீட்டு அண்ணா ஜீப்பில் கயிறு கட்டி இழுத்துவிட்டு, "அடுத்த தடவையாவது நாலு வீலும் இழுக்கிற வண்டியா பாரு தம்பி" என்பார்.

அதனால் ஆல் வீல் டிரைவ் வேண்டும் என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை. கூடவே ஆட்டோமேட்டிக் வேண்டும், மனைவியும் ஓட்டுவாள். இருபது லட்சத்தைத் தாண்டக் கூடாது, ஏனென்றால் தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து பத்து முதல் இருபது லட்சம் வரையுள்ள காருக்குச் சாலை வரி 18 சதவீதம், அதற்கு மேல் போனால் 20. இதோடு மைலேஜும் வேண்டும் என்று சேர்த்தபோதுதான் பட்டியல் மடமடவென்று சுருங்கியது.

மாருதி ஜிம்னி முதலில் மனசில் நின்றது, மலைக்கு அதைவிடப் பொருத்தமான வண்டி இந்த விலையில் இல்லை. ஆனால் நாலு பேர் உட்கார்ந்தால் டிக்கியில் ஒரு பை வைக்கத்தான் இடம், ஆட்டோமேட்டிக்குக்கு ஏஆர்ஏஐ மைலேஜே (அதாவது சோதனைக்கூடத்தில் அளந்து சான்று தருவது) லிட்டருக்கு 16.39 கிலோமீட்டர். அப்புறம் அது 4x4, ஆல் வீல் டிரைவ் இல்லை; நாமே லீவரைப் போட வேண்டும், நல்ல தார் ரோட்டில் போட்டுக்கொண்டே ஓட்டக் கூடாது. மஹிந்திரா எக்ஸ்யூவி 700 டீசலில் ஆல் வீல் டிரைவ் இருந்தது, விலை எட்டவில்லை, எங்கள் சந்தில் எதிரே ஒரு ஆட்டோ வந்தால் யாராவது ஒருவர் ரிவர்ஸ் போக வேண்டியிருக்கும். பழைய டஸ்டர் ஆல் வீல் டிரைவ் செகண்ட் ஹேண்டில் கிடைத்தது, நல்ல வண்டிதான், ஆனால் மேனுவல் மட்டுமே.

கடைசியில் மிஞ்சியது மாருதி கிராண்ட் விட்டாராவும் அதன் டொயோட்டா உடன்பிறப்பான ஹைரைடரும். இங்கேதான் சிக்கலே. இந்த வண்டிகளில் ஸ்ட்ராங் ஹைப்ரிட், அதாவது பேட்டரியில் மட்டுமே கொஞ்ச தூரம் ஓடக்கூடியது, இருக்கிறது, ஆல் வீல் டிரைவும் இருக்கிறது, ஆனால் இரண்டும் ஒரே வண்டியில் கிடையாது. 27.97 மைலேஜ் என்று விளம்பரத்தில் வருவது முன்சக்கர இழுவை மட்டும் உள்ள ஹைப்ரிட். ஆல் வீல் டிரைவ் வேண்டுமென்றால் 1.5 லிட்டர் மைல்ட் ஹைப்ரிட்தான். மைல்ட் என்றால் பெயருக்குத்தான் ஹைப்ரிட், பேட்டரியில் மட்டும் வண்டி ஓடாது. அதிலும் 2022-ல் வந்தபோது ஆல் வீல் டிரைவ் மேனுவலில் மட்டும்தான், ஆட்டோமேட்டிக் 2025-ல்தான் வந்தது. இரண்டும் சேர்ந்தே வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் லெக்சஸ் என்எக்ஸ் 350எச் மாதிரி சொகுசு வண்டிக்குத்தான் போக வேண்டும். விலை என் கணக்குக்கு எட்டாது. அந்தப் பேச்சை அங்கேயே விட்டுவிடலாம்.

விலையில் ஸ்ட்ராங் ஹைப்ரிட்டும் ஆல் வீல் டிரைவும் பக்கத்துப் பக்கத்தில் இருந்ததால் முடிவு லேசாக இல்லை. கோவையில் ஒரு ஷோரூமில் கேட்டால், "சார், ஹைப்ரிட் எடுங்க, ஆல் வீல் யாரும் எடுக்கிறதில்ல" என்றார்கள், டெஸ்ட் டிரைவுக்கு ஆல் வீல் வண்டியே அவர்களிடம் இல்லை. அவினாசி ரோட்டில் ஒரு சுற்று சுற்றிவிட்டு எனக்கு என்ன தெரியப்போகிறது? வேறு இடத்தில் கெஞ்சிக் கேட்டு ஹைப்ரிட்டை மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேற்றினேன். ஊருக்குள் சத்தமே இல்லாமல் போன வண்டி, விடாத ஏற்றத்தில் பேட்டரி இறங்கியதும் மூன்று சிலிண்டர் இன்ஜினை மட்டும் நம்பிக் கத்த ஆரம்பித்தது. ஆனால் எனக்கு உண்மை புரிந்தது இறங்கும்போதுதான். பிரேக் பிடித்தால் கரண்ட் திரும்பி வரும், மலை இறக்கம் முழுக்க இலவசம் என்று நினைத்திருந்தேன். பாதி தூரம் வருவதற்கு முன்பே மீட்டரில் பேட்டரி நிறைந்துவிட்டது, அதற்குமேல் இன்ஜின் உறுமிக்கொண்டே வண்டியைப் பிடித்து இறக்கியது.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். ஒன்றரை டன் வண்டி சுமார் 1,450 மீட்டர் உயரம் இறங்குகிறது, அதில் இருக்கும் ஆற்றல் கிட்டத்தட்ட ஆறு யூனிட் கரண்ட். டயர் உராய்வுக்கும் காற்றுக்கும் போனது போக மூன்று நான்கு யூனிட்டாவது மிஞ்ச வேண்டும். அந்த பேட்டரி 0.76 யூனிட். அண்டா நிறையக் கொட்டும் மழையை டம்ளரில் பிடிக்கிற கதைதான். நின்று நின்று போகும் ஊர் ஓட்டத்தில் ஹைப்ரிட்டை அடிக்க ஆள் இல்லை, நான் கோவையில் இருந்தால் யோசிக்காமல் அதைத்தான் எடுத்திருப்பேன். நீளமான மலைப்பாதையில் அந்த 27.97 பெரிய அளவில் கரைந்துபோகும்.

அதற்காக மைல்ட் ஹைப்ரிட் ஒன்றும் சுகமில்லை. காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ இல்லாத இன்ஜின். கடல் மட்டத்தில் 103 குதிரைத்திறன், எங்கள் ஊர் உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். ஆல் வீல் டிரைவின் கூடுதல் பாகங்களுக்கும் மைலேஜில் விலை உண்டு: மேனுவலில் முன்சக்கர இழுவைக்கு 21.11 என்றால் ஆல் வீலுக்கு 19.38, இதுவும் ஏஆர்ஏஐ கணக்கு, நிஜத்தில் மலையில் எனக்கு 12 பக்கம்தான் வருகிறது. ஹைப்ரிட் இதே ரோட்டில் 18 தந்திருக்கும் என்று வைத்துக்கொண்டாலும், மாதம் 800 கிலோமீட்டருக்கு வித்தியாசம் 22 லிட்டர், சுமார் 2,200 ரூபாய். அந்தப் பணத்தை நினைத்து இரண்டு நாள் தூக்கம் வரவில்லை என்பதும் உண்மை.

கடைசியில் ஆல் வீல் ஆட்டோமேட்டிக்கையே எடுத்தேன், கிராண்ட் விட்டாரா. பணம் கட்டுவதற்கு முன் வைத்த ஒரே நிபந்தனை, யாரிடமாவது இதே வண்டி இருந்தால் என் வீட்டுச் சரிவில் ஒரு தடவை ஏற்றிக் காட்ட வேண்டும் என்பது. குன்னூரிலிருந்து ஒரு வாடிக்கையாளரையே அழைத்துவந்தார்கள், பாவம் நல்ல மனுஷன். லேசான தூறல், பாசி ஈரமாக இருந்தது. ஆட்டோ மோடில் முன்சக்கரம் ஒரு நொடி வழுக்கியது, பின்சக்கரம் பிடித்துத் தள்ளியது, மேலே போய்விட்டது. அடுத்து பின்சக்கரத்துக்கும் எப்போதும் இழுவை போகிற மாதிரி பூட்டிவைக்கும் லாக் மோடைப் போட்டுப் பாதி ஏற்றத்தில் நிறுத்தி மறுபடி எடுத்தார், அந்த ஒரு நொடி வழுக்கலும் இல்லை.

இதே மாதிரி தேடுபவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: டயரை மறக்காதீர்கள். நாலு சக்கரமும் இழுத்தாலும் தேய்ந்த டயர் பாசியில் நிற்காது, இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது ஆல் வீல் டிரைவ் எந்த உதவியும் செய்யாது. மாற்றினால் நாலையும் ஒன்றாக மாற்றுவது நல்லது, முன்னுக்கும் பின்னுக்கும் சுற்றளவு வேறுபட்டால் பின்சக்கரங்களுக்கு இழுவையைக் கடத்தும் கப்ளிங்தான் அடி வாங்கும். அப்புறம் நீலகிரியில் இருப்பவர்கள் கோவையில் வாங்கினாலும் பதிவை ஊட்டியில் போடச் சொல்லுங்கள், டிஎன் 43 நம்பர் இருந்தால், வெளியூர் வண்டிகள் நீலகிரிக்குள் வர எடுக்க வேண்டிய இ-பாஸ் தொல்லை இல்லை.