எலும்பில் தெரியும் கவனிப்பு

கடலூர் முதுநகரில் எங்கள் ஆயா பக்கவாதம் வந்து படுத்திருந்த 3 வருஷமும், அம்மா ராத்திரியில்கூட இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து ஆயாவைப் புரட்டிப் படுக்க வைப்பார், முதுகில் பவுடர் போடுவார், கஞ்சியை ஸ்பூனால் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டுவார். இதெல்லாம் எங்கேயும் பதிவாகாது என்றுதான் நினைத்திருந்தேன்.

அப்புறம்தான் மான் பாக் பற்றிப் படித்தேன். வடக்கு வியட்நாமில் இருக்கிற, ஏறக்குறைய 4,000 வருஷத்துக்கு முந்தைய இடுகாடு. 2007-ல் அங்கே கிடைத்த ஓர் இளைஞனின் எலும்புக்கூட்டில் கழுத்து முள்ளெலும்புகள் பிறவியிலேயே ஒட்டியிருந்தன, கைகால் எலும்புகள் உபயோகமே இல்லாமல் மெலிந்து போயிருந்தன. வளரும் வயதிலேயே இடுப்புக்குக் கீழே செயலிழந்து, கையும் சரியாக வராமல், அதற்குப் பிறகும் சுமார் 10 வருஷம் வாழ்ந்திருக்கிறான் என்று தொல்லியல் ஆய்வாளர்கள் லோர்னா டில்லியும் மார்க் ஆக்ஸன்ஹாமும் கணித்தார்கள். சரி, மீன்பிடித்தும் வேட்டையாடியும் பிழைத்த ஊரில் அவனுக்கு யார் ஊட்டினார்கள், யார் கழுவிவிட்டார்கள்? எலும்பு பெயர் சொல்லாது. ஆனால் யாரோ, தினமும், 10 வருஷம்.

அம்மாவிடம் சொன்னேன். “புண்ணு வராம பாத்துக்கிட்டாங்களாமா?” என்றுதான் முதலில் கேட்டார்.