தலைப்பாகையோடு போகாதது

அந்தப் பையன் தன் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டு நின்றான்.

டெக்சாஸ் பள்ளிகளில் ஆடுகிற அமெரிக்க ஃபுட்பாலில், பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிற குவார்ட்டர்பேக்கின் கையில் ஒரு பட்டை இருக்கும். பிளாஸ்டிக் உறைக்குள் பொடி எழுத்தில் உத்திகளை எண் போட்டு அடுக்கியிருப்பார்கள். எல்லைக்கோட்டிலிருந்து கோச் ஒரு எண்ணைச் சைகையால் காட்டுவார். பையன் குனிந்து பட்டையைப் பார்ப்பான், நிமிர்வான், மற்றப் பத்துப் பேருக்கும் சொல்வான். இரண்டு நொடி வேலை. அன்று அவன் குனிந்தவன் நிமிரவே இல்லை. அதற்குச் சற்று முன்புதான், பந்தை எறிந்து முடித்த கையோடு, எதிரணிப் பையன் ஒருவன் வந்து மோதியிருந்தான். மல்லாக்க விழுந்ததில் பின்மண்டை தரையில் பட்டது. உடனே எழுந்துவிட்டான், கைகூடத் தட்டினான். ஆனால் பட்டையை விட்டுக் கண் நகரவில்லை. பக்கத்தில் நின்ற, பந்தோடு ஓடுகிற ரன்னிங்பேக் அவன் முழங்கையைப் பிடித்துத் திருப்பி, எங்கே நிற்க வேண்டும் என்று காட்டினான்.

இருபது அடி தூரத்திலிருந்து நான் அதைப் பார்த்தேன். பார்த்தும் இரண்டு ப்ளே, அதாவது பந்தை எடுத்து ஆடும் இரண்டு சுற்று, முடியும்வரை வாயைத் திறக்கவில்லை.

இரண்டாவது ப்ளேயில் அவன் டச்டவுன் எறிந்தான், எதிரணியின் கடைசிக் கோட்டுக்கு அப்பால் புள்ளி தருகிற எறி. முப்பது கெஜத்துக்குக் குறையாது. அளந்து வைத்ததுபோல் ஓடுகிறவன் கையில் போய் விழுந்தது. அரங்கமே எழுந்து நின்றது. பேண்ட் வாத்தியம் முழங்கியது. நல்லவேளை, ஒன்றும் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவன் பெஞ்சில் வந்து உட்கார்ந்தான், தண்ணீர் குடித்தான், என்னைப் பார்த்துக் கேட்டான்: “மேம், நாம ஸ்கோர் பண்ணிட்டோமா?”

சொன்னேன். ஒரு நிமிடம் கழித்து அதையே திரும்பக் கேட்டான். அதற்குப் பிறகும் ஒரு முறை கேட்டான்.

அது 2019 அக்டோபர். அத்லெட்டிக் ட்ரெய்னராக என் முதல் சீசன். தமிழ்நாட்டில் பிசியோதெரபி முடித்துவிட்டு இங்கே வந்து மேற்படிப்பு படித்து, உரிமத் தேர்வு எழுதி அந்த வேலைக்கு வந்திருந்தேன். ட்ரெய்னர் என்றதும் பயிற்சியாளர் என்று நினைத்துக்கொண்டு, “பொண்ணு அங்க கோச்சா இருக்கா” என்று அம்மா சொந்தக்காரர்களிடம் சொல்லி வைத்திருந்தாள். கோச் வேறு, நாங்கள் வேறு. கணுக்காலுக்கு டேப் சுற்றுவது, வெயிலில் சுருண்டு விழுகிறவனை ஐஸ் தண்ணீர்த் தொட்டியில் இறக்குவது, தோள்பட்டை இறங்கினால் தாங்கிப் பிடிப்பது எல்லாம் எங்கள் வேலை. அடிபட்டவன் திரும்ப ஆடலாமா கூடாதா என்று முதலில் சொல்ல வேண்டியவர்களும் நாங்கள்தான். கோச்சுக்கு வெற்றி முக்கியம், அது அவர் வேலை. எங்களுக்கு ஸ்கோர் போர்டு கண்ணில் படக்கூடாது என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். வெள்ளிக்கிழமை இரவு, ஊரில் பாதிப் பேர் உட்கார்ந்திருக்கிற அரங்கத்தில், அது கண்ணில் படாமல் இருக்காது. டாலஸ் பக்கத்தில் ஆலன் என்ற ஊரில் பள்ளிக்கூட ஃபுட்பாலுக்காக ஏறக்குறைய 6 கோடி டாலர் செலவில் 18,000 பேர் உட்காரும் அரங்கம் கட்டி 2012இல் திறந்தார்கள். அந்த மண்ணில்தான் நான் வேலை பார்த்தேன்.

அவனுக்குக் குணமாக ஐந்து வாரம் பிடித்தது. வகுப்பறை டியூப்லைட் வெளிச்சத்தைத் தாங்க முடியாமல் தொப்பியை இழுத்து விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அல்ஜீப்ரா புத்தகத்தில் மூன்றாவது வரிக்கு மேல் படிக்க முடியாது. முதல் வாரம் அவன் அம்மா தினமும் காலையில் எனக்குப் போன் செய்து இரவு எப்படித் தூங்கினான் என்று சொன்னார். என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அந்த இரண்டு ப்ளேயைப் பற்றி அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

அந்த டச்டவுன்தான் என்னை வெகுநாள் தூங்க விடவில்லை. அடிபட்ட தலையோடு ஒருவன் அவ்வளவு கச்சிதமாக எறிய முடியும் என்பதை நான் அதுவரை நம்பியதில்லை. ஆயிரம் முறை செய்து பழகியதை உடம்பு தானாகவே செய்துவிடுகிறது. டாலஸ் கௌபாய்ஸ் என்ற தொழில்முறை அணியின் குவார்ட்டர்பேக் ட்ராய் எய்க்மன் 1994 ஜனவரியில் சான்ஃபிரான்சிஸ்கோ அணிக்கு எதிரான ஆட்டத்தில் தலையில் அடிபட்டார். அந்த ஆட்டத்தை ஆடியதே தனக்கு நினைவில்லை என்று பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஆனால் அடுத்த வாரமே சூப்பர் பௌல் என்ற இறுதிப் போட்டியில் இறங்கினார், அணி ஜெயித்தது. இங்கே எங்கள் பிள்ளைகளின் அப்பாக்கள் அந்த வெற்றியைப் பார்த்து வளர்ந்தவர்கள். அவர்களுக்கு எய்க்மன் ஆடியதுதான் ஞாபகம்.

கோச்சுகள் எங்களிடம் கேட்கிற கேள்வி எப்போதும் ஒன்றே. “கேன் ஹி ப்ளே?” ஆங்கிலத்தில் மூன்றே சொல். அதில் ஆட முடியுமா என்பதும் ஆடலாமா என்பதும் ஒரே சொல்லில் அடங்கிவிடும். தமிழில் அப்படி இல்லை, இரண்டும் வேறு வேறு கேள்வி. ஆட முடியுமா என்று கேட்டால், முடியும், அந்தப் பையன் டச்டவுனே எறிந்தான். ஆடலாமா என்றால், கூடாது. கோச் கேட்கும்போதெல்லாம் மனசுக்குள் நான் தமிழில் மாற்றிக்கொண்டுதான் பதில் சொல்லத் தொடங்கினேன். இன்றைக்கும் அப்படித்தான்.

அடிபட்டவனிடமே கேட்டுவிடலாமே என்பார்கள். முட்டியில் அடிபட்டவன் முட்டி வலிக்கிறது என்று மூளையால் யோசித்துச் சொல்கிறான். அடி மூளையிலேயே பட்டிருந்தால் யார் யோசித்துச் சொல்வது? அவன் பொய் சொல்ல வேண்டியதே இல்லை. நன்றாகத்தான் இருக்கிறேன் என்று உண்மையாகவே நம்புவான். பொய் சொல்கிறவர்களும் உண்டு. சீசன் தொடங்கும் ஆகஸ்டில் எல்லோருக்கும் ஞாபகசக்தி, கவனம், நிதானம் எல்லாம் சோதித்துக் குறித்து வைப்போம், பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க. அதில் வேண்டுமென்றே தப்புத் தப்பாகப் பதில் சொல்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அப்போது மார்க் குறைந்திருந்தால் பிறகு அடிபட்டாலும் வித்தியாசம் தெரியாது என்று கணக்கு. பதினாறு வயதில் அந்த அளவுக்கு ஆசை.

ஹெல்மெட் போட்டிருக்கிறானே என்பது அடுத்த கேள்வி. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று நம் ஊரில் ஆறுதல் சொல்வோம். ஹெல்மெட் மண்டை ஓடு பிளக்காமல் காக்கும், அதில் சந்தேகமில்லை. உள்ளே மூளை திரவத்தில் மிதக்கிறது. ஓடிக்கொண்டிருந்த தலை சட்டென்று நின்றாலோ திரும்பினாலோ மூளை உள்ளுக்குள் குலுங்கி முறுக்கிக்கொள்கிறது. அந்தக் குலுக்கலை எந்தத் தலைப்பாகையும் தடுப்பதில்லை. குலுங்கிய செல்கள் பழைய நிலைக்குத் திரும்ப வழக்கத்தைவிட அதிக சக்தி கேட்கின்றன. அதே நேரம் அங்கே போகிற ரத்த ஓட்டமோ குறைகிறது. அந்த நாட்களில் இன்னொரு அடி விழுந்தால், சின்ன அடியானாலும், விளைவு பெரிதாகலாம். இது ஸ்கேனில் பெரும்பாலும் தெரியாது. மயங்கி விழ வேண்டும் என்பதும் இல்லை. நினைவு தப்புவது பத்தில் ஒருவருக்குக்கூட இல்லை.

வாஷிங்டன் மாநிலத்தில் 2006இல் சாக்கரி லிஸ்டெட் என்ற 13 வயதுப் பையன் முதல் பாதியில் தலையில் அடிபட்டுச் சிறிது நேரம் உட்கார்ந்துவிட்டு இரண்டாம் பாதியில் திரும்ப ஆடினான். ஆட்டம் முடிந்ததும் சரிந்து விழுந்தான். மூளையில் அறுவை சிகிச்சை. திரும்பப் பேசவே மாதக்கணக்கில் ஆயிற்று. அவன் பெயரால் 2009இல் அங்கே சட்டம் வந்தது. ஐந்தே ஆண்டில் எல்லா மாநிலங்களும் ஏதோ ஒரு வடிவில் அப்படியொரு சட்டம் போட்டுவிட்டன. டெக்சாஸில் 2011இல் வந்தது. எங்கள் சட்டத்தில் எனக்குப் பிடித்த பகுதி ஒன்று உண்டு: கோச், மருத்துவர், எங்களைப் போன்றவர்கள், பெற்றோர், இவர்களில் யார் சந்தேகப்பட்டாலும் பிள்ளையை உடனே வெளியே எடுத்துவிட வேண்டும். திரும்ப உள்ளே அனுப்பும் அதிகாரம் மட்டும் கோச்சுக்குக் கிடையாது. மருத்துவர் எழுதித் தர வேண்டும். கன்கஷன், அதாவது அடியில் மூளை குலுங்கிய பாதிப்பு, என்று உறுதியாகிவிட்டால், அறிகுறிகள் அடங்கிய பிறகு படிப்படியாக ஓடவிட்டு, பந்து கொடுத்து, கடைசியில்தான் மோதவிடுவோம். ஒவ்வொரு படிக்கும் குறைந்தது 24 மணி நேரம்.

2022 செப்டம்பர் 25, ஞாயிறு. வீட்டில் துணி மடித்துக்கொண்டே மயாமி டால்ஃபின்ஸ் – பஃபலோ பில்ஸ் தொழில்முறை அணிகளின் ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தேன். மயாமி குவார்ட்டர்பேக் டுவா டாகோவைலோவா கீழே விழுந்து, தலை தரையில் பட்டது. எழுந்தார், தலையை உதறினார், நாலு எட்டு வைத்ததும் கால் துவண்டது. சக ஆட்டக்காரர்கள் இருபுறமும் தாங்கிப் பிடித்தார்கள். என் கையில் இருந்த துணி அப்படியே நின்றுவிட்டது. முழங்கையைப் பிடித்துத் திருப்பிய அந்த ரன்னிங்பேக்கின் கை கண் முன்னே வந்தது. இரண்டாம் பாதியில் டுவா திரும்ப இறங்கினார். கால் தடுமாறியது முதுகு வலியால் என்றார்கள். நான்கு நாள் கழித்து, வியாழக்கிழமை, சின்சினாட்டியில் மறுபடி தூக்கி எறியப்பட்டார். இந்த முறை எழவில்லை. முகத்துக்கு முன்னே விறைத்த விரல்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் வளைந்து நின்றதை நாடே பார்த்தது. மூளை அதிர்ந்ததன் அடையாளம் அது. ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோனார்கள்.

பிறகு விசாரணை நடந்தது. முதல் ஆட்டத்தில் அவரைச் சோதித்த, அணியைச் சாராத நரம்பியல் ஆலோசகரை ஆட்டக்காரர் சங்கம் நீக்கியது. லீக்கும் சங்கமும் சேர்ந்து ஆராய்ந்து, எழுதிவைத்த நடைமுறைப்படிதான் எல்லாம் நடந்தது, ஆனால் நடந்தது அந்த நடைமுறையின் நோக்கம் அல்ல என்றார்கள். அக்டோபர் 8ஆம் தேதி விதியை மாற்றினார்கள்: நரம்பியல் காரணத்தால் நடையோ பேச்சோ தடுமாறுகிறது என்று மருத்துவர் சொன்னால், அன்றைக்கு ஆட்டம் முடிந்தது.  அதைப் படித்த அன்று எனக்கு நிம்மதியும் கோபமும் சேர்ந்தே வந்தன. கோடிக்கணக்கில் பணம் புழங்குகிற இடம், மைதானத்தைச் சுற்றி இத்தனை மருத்துவர்கள், மேலே அறையில் காமிராவில் பார்ப்பதற்கென்றே ஆட்கள். அங்கேயே ஒரு காரணம் சொல்லி உள்ளே அனுப்ப முடிந்திருக்கிறது என்றால், ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் தனியாக நிற்கிற ட்ரெய்னர் எதைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்?

நான் பிடித்துக்கொண்டு நின்றது ஒரு ஹெல்மெட்டை.

2023இல், வேறொரு பையன். கடைசி வகுப்பு. கல்லூரியிலிருந்து அவனைப் பார்க்க ஆள் வந்திருந்தார். இரண்டாம் குவார்ட்டரில் இருவர் சேர்ந்து அவனை வீழ்த்தினார்கள். எழுந்தான், நேராக நடந்து வந்தான். எந்த மைதானம், எந்தப் பாதி, கடைசியாக ஸ்கோர் பண்ணியது யார், போன வாரம் யாரோடு ஆடினோம், ஜெயித்தோமா? எல்லாவற்றுக்கும் தயங்காமல் பதில். மாதங்களைத் தலைகீழாகச் சொன்னான். கண்ணை மூடி, இடுப்பில் கை வைத்து, ஒரு பாதத்தின் குதிகால் மற்றதன் விரலைத் தொட 20 நொடி நின்றான். ஒரே ஒரு முறை அசைந்தான், ஆகஸ்டிலும் அப்படித்தான் அசைந்திருந்தான். குறிப்பேட்டை மூடப் போனேன். அப்போது கண்ணைச் சுருக்கிக்கொண்டு சொன்னான்: “லைட்டெல்லாம் இன்னிக்கு ஜாஸ்தியா இருக்கு, மேம்.”

விளக்குகள் எப்போதும்போலத்தான் எரிந்தன. ஹெல்மெட்டை அவன் மடியிலிருந்து எடுத்து என் கக்கத்தில் இடுக்கிக்கொண்டேன். ஹெல்மெட் இல்லாமல் யாரும் உள்ளே ஓடிவிட முடியாது. இந்த வேலையில் எல்லோருக்கும் தெரிந்த வழி அது. கோச் வந்து கேட்டார். இல்லை என்றேன். அவர் முகம் இறுகியது, ஆனால் மறுபேச்சில்லாமல் இரண்டாவது குவார்ட்டர்பேக்கைக் கூப்பிட்டார். அதற்காக அவரை இன்றும் மதிக்கிறேன்.

அப்பா வேலியோரம் வந்து நின்றார். கத்தவில்லை. “கன்கஷன்தானா, உங்களுக்கு உறுதியாத் தெரியுமா?” என்றார்.

“தெரியாதுங்க. அதனாலதான்.”

“நாலு வருஷமா இந்த ஒரு ராத்திரிக்காகத்தான்...” என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். வேலிக் கம்பியில் இருந்த அவர் கைவிரல்கள் வெளுத்திருந்தன. அவர் சொன்னது பொய்யில்லை. கல்லூரி உதவித்தொகை கிடைக்காவிட்டால் அந்தக் குடும்பத்துக்குக் கல்லூரி எட்டாது என்பதும் எனக்குத் தெரியும். அவர் மகன்மேல் உள்ள அக்கறையால்தான் கேட்டார். நான் மறுத்ததும் அதனால்தான் என்று எப்படிச் சொல்வதென்று அந்த நேரத்தில் எனக்குத் தெரியவில்லை. அந்த ஆட்டத்தில் தோற்றோம்.

செவ்வாய்க்கிழமை மருத்துவர் சோதித்துவிட்டு, கன்கஷன் இல்லை என்று எழுதிக் கொடுத்தார். அந்தத் தாளை அப்பாவே எடுத்துக்கொண்டு என் அறைக்கு வந்தார். மேசைமேல் வைத்தார்.

“ஒண்ணுமில்லையாம்,” என்றார்.

“ரொம்ப சந்தோஷம்,” என்றேன். மனதாரத்தான் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார், தலையசைத்தார், போய்விட்டார். அவர் மன்னித்தாரா என்று தெரியாது. அதே வெளிச்சம், அதே பையன், அதே சொல் நாளைக்கு வந்தாலும் ஹெல்மெட்டை நான் எடுப்பேன். சந்தேகம் தீர்ந்தது செவ்வாய்க்கிழமை, மருத்துவரின் அறையில். வெள்ளிக்கிழமை இரவு எனக்கு இருந்தது சந்தேகம் மட்டும்தான்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவன் இறங்கினான். முதல் ப்ளேக்குக் கோச் எண்ணைக் காட்டினார். நான் அவன் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். குனிந்தான், பட்டையைப் பார்த்தான், நிமிர்ந்தான். இரண்டு நொடிகூட ஆகவில்லை.