மணமக்கள் பெயருக்கு மட்டும்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் திருமண அழைப்பிதழ் வடிவமைக்கும் என்னிடம் வருகிறவர்களில் பலர், மணமக்களின் பெயர் ஆங்கிலத்தில் கையால் எழுதியதுபோல் மெல்லியதாக, எழுத்துகள் ஒன்றையொன்று தொட்டுச் செல்வதாக இருக்க வேண்டும் என்றே கேட்கிறார்கள். அந்தக் கூட்டெழுத்துருவைத் திரையில் திறக்கும்போதெல்லாம், தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்த என் தாத்தா விட்டுச்சென்ற குறிப்பேடு நினைவுக்கு வருகிறது. மை தொட்டெழுதும் கூர்முனைப் பேனாவைக் கீழே இழுக்கும்போது அழுத்தினால் முனை பிளந்து கோடு தடிக்கும். மேலே ஏற்றும்போது கையைத் தளர்த்தினால் அதே கோடு மயிரிழையாகும். அழுத்தம் மாறுவதால் பிறக்கும் அந்த நயத்தைத்தான் இவ்வகை எழுத்துருக்கள் கணினிக்குக் கொண்டுவந்திருக்கின்றன. மேத்யூ கார்ட்டர் 1960களில் உருவாக்கிய ஸ்னெல் ரவுண்ட்ஹேண்ட் என்ற எழுத்துரு, சார்ல்ஸ் ஸ்னெல் என்ற பழைய ஆங்கிலேய எழுத்தாசிரியரின் கையெழுத்தை அடியொற்றியது.

மெல்லிய எழுத்துரு இரண்டு பெயர்களைத் தாங்கும். மண்டபத்தின் முகவரியைத் தாங்காது. இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். தொடக்கக் காலத்தில் ஓர் அழைப்பிதழ் முழுவதையும் அதிலேயே அமைத்தேன். மணமகனின் தாத்தா, பெயரின் முதலெழுத்தான எஸ்ஸை ஜி என்று படித்துவிட்டு, இது யார் வீட்டுக் கல்யாணம் என்று கேட்டார். அந்த அழைப்பிதழில் அரக்கு நிறப் பின்னணியில் எழுத்தை வெள்ளையாக விட்டிருந்ததால், அச்சில் மை பரவி மயிரிழைக் கோடுகள் பாதி அடைந்தும் போயிருந்தன. இப்போது பெயர்களைப் பெரிதாக, வெளிர்நிறத் தாளில் அடர்ந்த மையில் அமைத்து, மற்ற விவரங்களை நேரான எழுத்துருவில் வைக்கிறேன். தமிழ்ப் பக்கத்துக்கு நம் நாட்டு முத்து நெடுமாறனின் இணைமதி எழுத்துரு போதும். எழுத்துகளுக்கு இடையே இடைவெளியைக் கூட்டுவதும், பெயர் முழுவதையும் ஆங்கிலப் பேரெழுத்துகளிலேயே (கேப்பிட்டல்) அடிப்பதும் இவ்வகை எழுத்துருவைக் கெடுத்துவிடும், ஏனெனில் இணைப்புக் கோடுகள் அறுந்து தொங்கும்.

தமிழ்ப் பெயரையும் அப்படியே சேர்த்து எழுதித் தரச் சொல்லும்போதுதான் வேலை கடினமாகிறது. ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் பெரும்பாலானவை வலப்பக்கம் முடிந்து அடுத்த எழுத்துக்கு வழிவிடுகின்றன. நம் ‘ப’ மேலேறி நிற்கிறது. ‘த’ கீழிறங்கி இடப்பக்கம் வளைகிறது. கொம்பு முன்னால் வந்து நிற்க, புள்ளி தலைக்கு மேல் தனித்திருக்கிறது. இவற்றை இணைப்புக் கோட்டால் வலிந்து கட்டினால் படிக்க முடியாத சிக்கலே மிஞ்சும். தாரிக் அஸீஸின் கவிவனார் எழுத்துரு எழுத்துகளைச் சேர்க்காமல் சாய்வினாலேயே கையெழுத்துத் தன்மையைக் கொண்டுவருவதால், அதுவே தமிழுக்கு ஏற்ற வழி என்று கருதுகிறேன். நேரமிருந்தால் எழுத்துருவையும் நாடாமல், பெயரை நானே பேனாவால் எழுதி வருடியில் (ஸ்கேனரில்) ஏற்றிவிடுவேன். அடுத்த மாதத் திருமணம் ஒன்றுக்காக ‘த’வின் வாலை நேற்றிரவு நான்கு முறை எழுதிப் பார்த்தேன், மூன்றாவதை வைத்துக்கொண்டேன்.